வால்நட் கிரீக், 2004: குறிக்கப்படாத வளைவும் நீரால் தோண்டும் முறையும்

2004 நவம்பர் 9 அன்று பிற்பகலில், கலிபோர்னியா மாநிலத்தில் சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள வால்நட் கிரீக் நகரில், புதிய குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் இயந்திரத்தின் வாளி, மண்ணுக்கடியில் சென்ற 10 அங்குல எண்ணெய்க் குழாய் ஒன்றைத் துளைத்தது. கான்கார்டிலிருந்து சான் ஹோசே வரை பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுசெல்லும் கிண்டர் மார்கன் நிறுவனத்தின் உயர் அழுத்தக் குழாய் அது. பீறிட்ட பெட்ரோல் பள்ளத்தில் பரவியது. பக்கத்தில், பதித்த குடிநீர்க் குழாயை இணைக்கும் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் பற்றிக்கொண்டது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர், நால்வர் காயமடைந்தனர். சற்றுத் தொலைவிலேயே லாஸ் லோமாஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது.

குடிநீர்த் திட்டம் ஈஸ்ட் பே முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்டிரிக்ட் என்ற பொது நீர் வாரியத்துக்குரியது. தோண்டியவர்கள் அதன் ஒப்பந்ததாரரின் ஆட்கள். எண்ணெய்க் குழாய் அங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதன் பாதை தரையில் குறிக்கப்பட்டும் இருந்தது. ஆனால் அடிபட்ட இடத்தில் குழாய் நேர்கோட்டை விட்டு விலகி வளைந்து சென்றது. அந்த வளைவு குறிக்கப்படவில்லை. மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான கால்-ஓஷா, வளைவைக் குறிக்கத் தவறியதற்காகக் கிண்டர் மார்கனுக்கு 1,40,000 டாலர் அபராதம் விதித்தது. ஒப்பந்ததாரர் உள்ளிட்ட மற்றவர்கள் மீதும் குற்றம் காணப்பட்டது. 2007-ல் கிண்டர் மார்கன், தன் மீதான குற்றவியல் வழக்கை எதிர்த்து வாதாடாமல் தண்டத் தொகை செலுத்த ஒப்புக்கொண்டது.

யார் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றத்தோடு முடிந்துவிட்டது. களப்பொறியாளர்களுக்கு எஞ்சியிருப்பது வேறொரு கேள்வி. இத்தகைய குழாய்க்குப் பக்கத்தில் இணையாகப் பள்ளம் வெட்டும் ஒருவர், வாளியை மண்ணில் வைப்பதற்கு முன், எந்த இடத்தில், எந்த முறையில் மண்ணைத் திறந்து பார்த்திருந்தால் அந்த வளைவு கண்ணில் பட்டிருக்கும்? நீரால் மண்ணைக் கரைத்து உறிஞ்சி எடுக்கும், அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று பரவலாகிவிட்ட நீர்-வெற்றிட அகழ்வு முறையை முன்வைத்து இந்த ஆய்வு அதற்கு விடை தேடுகிறது. கருவியைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் கருவியை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, இந்த விபத்தோ அந்த இரண்டாவது விஷயத்தைச் சார்ந்தது.

தரைமேல் விழும் வண்ணக்கோடு

அமெரிக்காவில் தோண்டுவதற்கு முன் அறிவிப்பு மையத்துக்குத் தகவல் தெரிவிப்பது சட்டக் கடமை. 2007 மே முதல் நாடு முழுவதற்கும் 811 என்ற ஒரே தொலைபேசி எண் நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த காலத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண் இருந்தது. கலிபோர்னியாவில் குறைந்தது இரண்டு வேலை நாள்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மையம் அந்தத் தகவலை அப்பகுதியில் குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அனுப்பும். அவர்கள் ஆள் அனுப்பித் தரையில் பெயிண்டாலும் சிறு கொடிகளாலும் குறியிடுவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. தோண்டவிருக்கும் எல்லையை ஒப்பந்ததாரரே வெள்ளையால் குறித்துவைப்பார்.

குறியிடுபவர் கையில் இருப்பது பெரும்பாலும் மின்காந்தக் கருவி. குழாயின் வெளியில் தெரியும் ஏதாவது ஒரு பகுதியில் அலைபரப்பியை இணைத்து, உலோகக் குழாய் வழியே மெல்லிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். தரைமேல் நடப்பவரின் கையிலுள்ள ஏற்பி, அந்த மின்னோட்டம் எழுப்பும் காந்தப் புலத்தைப் பிடித்து, எந்த இடத்தில் அது உச்சம் அடைகிறதோ அந்த இடத்துக்கு நேர் கீழே குழாய் இருப்பதாகக் காட்டும். நேராகச் செல்லும் ஒற்றைக் குழாயின் மேல் இது நன்றாகவே வேலை செய்யும். பக்கத்தில் இன்னொரு உலோகக் குழாயோ கேபிளோ போனால் சமிக்ஞை அதன்மேலும் ஏறிக்கொண்டு உச்சத்தை இழுத்துவிடும். வளைவில் காந்தப் புலத்தின் வடிவமே மாறிவிடுவதால், அங்கே கருவி காட்டும் ஆழத்தை நம்பக் கூடாது. வளைவைத் தாண்டிச் சில அடி தள்ளி நேர்ப்பகுதியில் அளக்க வேண்டும் என்பது இத்துறையில் பாலபாடம். பிளாஸ்டிக் குழாயாக இருந்து அதனோடு உலோகக் கம்பி எதுவும் பதிக்கப்படாமல் போனால் இந்தக் கருவிக்கு அது தெரியவே தெரியாது. தரையை ஊடுருவும் ரேடார் அதைக் காட்டக்கூடும். ஆனால் ஈரமான களிமண் ரேடார் அலையை விழுங்கிவிடும்.

இவையெல்லாம் கருவியின் குறைகள். கோடு வரையும் பழக்கத்தில் இன்னொரு குறை இருக்கிறது. குறியிடுபவர் தொடர்ச்சியாகக் கோடு இழுப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் புள்ளி வைக்கிறார் அல்லது கொடி நடுகிறார். 100 அடி இடைவெளியில் இரண்டு கொடிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கொடியிலிருந்து 30-வது அடியில் குழாய் நான்கு அடி பக்கவாட்டில் விலகி, 60-வது அடியில் பழைய பாதைக்குத் திரும்புகிறது. இரண்டு கொடிகளும் சரியான இடத்தில்தான் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பார்ப்பவரின் மனம் இழுத்துக்கொள்ளும் நேர்கோடு மட்டும் தவறு. குறி காட்டும் குழாயின் வெளிவிளிம்பிலிருந்து இருபுறமும் 24 அங்குலத்துக்குள், இயந்திரத்தைப் பயன்படுத்தும் முன் கைக்கருவிகளால் தோண்டிக் குழாயைக் கண்டறிய வேண்டும் என்கிறது கலிபோர்னியச் சட்டம். மேற்சொன்ன நான்கு அடி விலகல் அந்தப் பாதுகாப்புப் பட்டைக்கும் வெளியே போய்விடுகிறது. அதாவது, தரையில் காணும் குறிகளை மதித்து, சட்டம் சொன்ன தூரத்தையும் விட்டு வேலை செய்யும் இயந்திர ஓட்டுநர்கூட குழாயின் மேல் வாளியை வைத்துவிட முடியும்.

குழாய் ஏன் நடுவழியில் ஒதுங்கிப் போகிறது என்று கேட்கலாம். பதித்த காலத்தில் அங்கே ஒரு பெரிய மரமோ, பாலமோ, மின்கம்பமோ, இன்னொருவரின் குழாயோ குறுக்கே நின்றிருக்கும். பல பத்தாண்டுகளில் அந்தத் தடை மறைந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் வளைவு மட்டும் காரணம் தெரியாமல் எஞ்சிவிடுகிறது. இதனால்தான் பழைய பதிப்பு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஒருவராவது களத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

நீரும் வெற்றிடமும்

குறி என்பது ஊகம். குழாயைக் கண்ணால் பார்த்தால்தான் அது உறுதி. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளும், பள்ளம் மதிப்பிடப்பட்ட இடத்தை நெருங்கும்போது குழாயின் துல்லியமான இருப்பிடத்தைப் பாதுகாப்பான, ஏற்கத்தக்க வழியில் தீர்மானிக்க வேண்டும் என்றே கூறுகின்றன. மண்வெட்டியால் அதைச் செய்யலாம். ஆனால் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடக்கும் குழாயை மண்வெட்டியால் பார்க்க வேண்டுமானால், ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குக் குழி வேண்டும். இறுகிய களிமண்ணில் அது அரைநாள் வேலை. கூரிய முனையும் உடல் பலமும் சேரும்போது கைக்கருவியும் குழாயின் மேற்பூச்சைக் கிழிக்கும், கேபிளின் உறையைக் குத்தும். எனவே குழிகளின் எண்ணிக்கை இயல்பாகவே குறைந்துவிடும்.

நீர்-வெற்றிட அகழ்வு அந்தச் செலவைக் குறைத்தது. ஒரு லாரியின் மேல் நீர்த் தொட்டி, உயர் அழுத்தப் பம்பு, காற்றை இழுத்து வெற்றிடம் உண்டாக்கும் பெரிய காற்று ஊதி, சேறு சேரும் தொட்டி ஆகியவை இருக்கும். ஒருவர் கையில் நீண்ட நீர்க்கோல். அதன் முனையிலுள்ள நாசில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கிறது. பக்கத்திலேயே தொங்கும் ஆறு அல்லது எட்டு அங்குல உறிஞ்சு குழாய், கரைந்த மண்ணைக் கல்லோடும் சேற்றோடும் லாரிக்குள் இழுக்கிறது. ஓரடிச் சதுரத்தில் ஒரு குழி. அதற்குள் யாரும் இறங்க வேண்டியதில்லை. மேற்குக் கனடாவின் எண்ணெய் வயல்களில் இந்த முறை வேரூன்றியதற்குக் குளிரும் ஒரு காரணம்: உறைந்த மண்ணை வாளியால் உடைப்பதைவிடச் சூடேற்றிய நீரால் இளக்குவது எளிது.

உறிஞ்சுவது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பம்பு நீரை மேலே இழுக்கும் உயரத்துக்குச் சுமார் பத்து மீட்டர் என்ற எல்லை இருப்பதால், இந்த லாரியும் அதற்குக் கீழே இழுக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே மண் நீர்த்தம்பமாக மேலேறுவதில்லை. வேகமாக ஓடும் காற்று, கட்டிகளாகவும் துளிகளாகவும் அதைச் சுமந்து செல்கிறது. அதனால்தான் உறிஞ்சு குழாயின் வாயை ஒருபோதும் சேற்றில் முழுதாக அமிழ்த்தக் கூடாது. வாய்க்கும் சேற்றுக்கும் இடையில் காற்று புக இடம் வேண்டும். புதியவர் செய்யும் முதல் தவறு அமிழ்த்துவதுதான். ஊதியின் ஒலி அடைபட்டுத் தாழும், குழாய் துள்ளும், வேலை நின்றுவிடும். சற்றுத் தூக்கிப் பிடித்தால் மீண்டும் சளசளவென்று சேறு ஏறத் தொடங்கும்.

அனுபவமுள்ள கோல்காரர் கண்ணைவிட, வெளியேறும் மண்ணின் தன்மையை நம்புகிறார். மேலே நிரப்பு மண், அதன் கீழே களிமண் என்று வந்துகொண்டிருந்த சேறு திடீரென்று வெளிறி, சீரான மணலாக மாறினால், அது யாரோ குழாயைச் சுற்றி விரித்த படுகை மணல். குழாய் இன்னும் ஒரு சாண் ஆழத்தில்தான் இருக்கிறது என்று பொருள். சில இடங்களில் மணலுக்கும் முன்பு எச்சரிக்கை நாடா வரும். அந்த மெல்லிய பிளாஸ்டிக் நாடா காற்றோட்டத்தில் உறிஞ்சு குழாய்க்குள் போய்ச் சுருண்டு அடைத்துக்கொள்வதுண்டு; அப்படி அடைத்துக்கொண்டால் எரிச்சல் வரும், ஆனால் அது நல்ல செய்தி. இந்த அறிகுறிகள் தென்பட்டதும் அழுத்தத்தைக் குறைத்து, கோலைப் பக்கவாட்டில் வீசி, மணலைத் துடைப்பது போல் நீக்க வேண்டும். குழாயின் கரிய மேற்பூச்சு தெரிந்ததும் நீரை நிறுத்திவிட்டு, மேல்விளிம்பின் ஆழத்தையும் மையக்கோட்டின் இடத்தையும் இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து அளந்து எழுதிக்கொள்வார்கள்.

மென்மை என்ற மாயை

விற்பனைத் தாள்களில் இந்த முறை குழாய்க்கு எந்தத் தீங்கும் செய்யாதது என்று வர்ணிக்கப்படுகிறது. 2,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு) அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 170 மடங்கில், ஒரே இடத்தில் நிற்கும் நேர்த்தாரை, கேபிளின் ரப்பர் உறையை வெட்டும், குழாயின் மேற்பூச்சை உரிக்கும், ஆளின் தோலைத் துளைத்து நீரைத் தசைக்குள் செலுத்தும். கடைசியாகச் சொன்ன காயம் வெளியே ஊசி குத்திய புள்ளியாகத் தெரியும், உள்ளே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் சேதம் செய்திருக்கும். உறிஞ்சு குழாயின் வாயில் கையோ காலோ மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. வெற்றிடத்தை ஒரு நொடியில் முறிக்கும் விசை கோல்காரரின் கையெட்டும் தூரத்தில் இருப்பது இதற்காகத்தான்.

கனடாவில் எரிவாயு, மின் நிறுவனங்கள் ஒப்பந்ததாரர்களுக்கு வகுத்த வழிகாட்டுதல்கள் இந்த அனுபவத்தின் மேல் எழுந்தவை. நேர்நாசிலுக்கு உச்ச அழுத்தம் 2,500 பிஎஸ்ஐ, சுழல்நாசிலுக்கு 3,000 பிஎஸ்ஐ. குழாயிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் 1,500-க்கு மேல் போகக் கூடாது. நாசிலின் முனைக்கும் குழாய்க்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கோலை மண்ணுக்குள் செருகக் கூடாது, அசையாமல் பிடிக்கக் கூடாது, குழாயை நேராகக் குறிவைக்கக் கூடாது. சூடேற்றிய நீரின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கைப்பிடியை விட்டதும் நீர் நின்றுவிடும் விசை கட்டாயம். மின்கேபிள் இருக்கும் இடத்தில் கோல் மின்காப்புடையதாக இருக்க வேண்டும். லாரியும் கோல்காரர் நிற்கும் உலோக விரிப்பும் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நீரோடு வேலை செய்பவரே மறந்துவிடுவதுண்டு என்பதால்தான் இந்தக் கடைசி விதி தனியாக எழுதப்பட்டிருக்கிறது.

நீருக்குப் பதில் காற்றைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அழுத்தக் காற்று மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து விரிவடைந்து அதை உதிர்க்கிறது. துளையற்ற குழாயிலும் கேபிளிலும் அது புக இடமில்லை. எடுத்த மண் உலர்ந்தே இருப்பதால் அதையே திருப்பி நிரப்பலாம். நீர்முறையில் வரும் சேற்றுக் குழம்பை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட அனுமதியும் கட்டணமும் வேண்டும். இருந்தும், ஒட்டும் களிமண்ணில் காற்று திணறும், நீர் முன்னேறும். எண்ணெய்க் குழாயின் மேற்பூச்சை நினைத்தால் நான் காற்றையே விரும்புவேன். களிமண்ணில் வேலை முடிய வேண்டிய நேரத்தை நினைத்தால், அழுத்தம் குறைத்த நீர்.

குழியை எங்கே வைப்பது

இப்போது வால்நட் கிரீக் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அங்கே பள்ளம் எண்ணெய்க் குழாயைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒன்றல்ல. அதன் பக்கத்தில் நெடுந்தூரம் துணையாகச் செல்லும் பள்ளம். இந்த இரண்டு நிலைமைகளுக்கும் ஒரே நடைமுறையைப் பின்பற்றுவதுதான் பிழையின் ஊற்று என்பது என் கணிப்பு.

குறுக்கே வெட்டும்போது கேள்வி ஒன்றே ஒன்று: இந்த இடத்தில் குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? மஞ்சள் குறியின் மேல் ஒரு சோதனைக் குழி போட்டால் விடை கிடைத்துவிடும். இணையாகச் செல்லும்போது கேள்வியே வேறு: என் பள்ளத்தின் முழு நீளத்திலும், அதன் அகலத்துக்குள், எங்கேயாவது அந்தக் குழாய் நுழைகிறதா? முதல் கேள்விக்குக் குழாயைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவதற்கு அது அங்கே இல்லை என்று நிறுவ வேண்டும். குறியின் மேல் போடும் குழி இரண்டாவது கேள்விக்கு விடை தராது. அது தருவதெல்லாம் ஆறுதல்தான்: தோண்டினோம், சொன்ன இடத்தில் குழாய் இருந்தது, ஆகவே குறிகள் நம்பத்தக்கவை. அடுத்த குழியும் அதற்கடுத்த குழியும் குறிகளின் மேலேயே போடப்பட்டால் அந்த நம்பிக்கை வளர்ந்துகொண்டே போகும். கொடிகளுக்கு நடுவிலுள்ள மண்ணைப் பற்றிய நம் அறிவு மட்டும் துளியும் வளராது. கருவி எந்த இடத்தில் நன்றாக வேலை செய்ததோ அந்த இடத்தில்தான் குறி விழுகிறது. அது தடுமாறிய இடம் இரண்டு குறிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது.

ஆகவே இணைப் பள்ளத்தில் குழிகளின் முதல் வரிசை குறிகளுக்கு நடுவில் அமைய வேண்டும். கொடிகளின் இடைவெளி 100 அடி என்றால் 50-வது அடியில், கொடிகளை இணைத்து மனம் இழுக்கும் ஊகக்கோட்டின் மேல் ஒரு குழி. அங்கே குழாய் கிடைக்காவிட்டால், 'கருவி கொஞ்சம் விலகிக் காட்டியிருக்கும்' என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. அதுதான் வளைவின் முதல் சாட்சி. அந்தக் குழியிலிருந்து இருபுறமும் குறுக்காக நீரால் ஒரு ஒடுங்கிய வாய்க்காலை நீட்டிக்கொண்டே போய், குழாய் தென்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். கருவி காட்டும் ஆழம் பக்கத்துப் பக்கத்து இடங்களில் திடீரென்று மாறினாலோ, சமிக்ஞை மங்கித் திரும்ப வந்தாலோ, பழைய வரைபடத்தில் சிறு முறிவு தெரிந்தாலோ, அங்கெல்லாம் கூடுதல் குழி.

நடுக்குழிகளும் போதாத நிலை ஒன்று இருக்கிறது. குறுகிய வளைவு 50-வது அடிக்கு முன்பே தொடங்கி முன்பே முடிந்துவிடலாம். பள்ளத்தின் விளிம்பு ஊகக்கோட்டுக்குச் சில அடி தூரத்திலேயே செல்கிறது என்றால், குழிகளை விட்டுவிட்டு, பள்ளத்தின் எந்த விளிம்பு எண்ணெய்க் குழாய்க்கு அருகில் இருக்கிறதோ அந்த விளிம்பிலேயே, பள்ளம் போகவிருக்கும் முழு ஆழத்துக்கும், ஒரு சாண் அகலத்தில் தொடர்ச்சியான பிளவு ஒன்றை நீரால் வெட்டிக்கொண்டு போவதுதான் வழி. இந்தப் பிளவு எண்ணெய்க் குழாயைத் தேடுவதில்லை. பிளவின் குறுக்கே எதுவும் வரவில்லை என்றால், பள்ளத்துக்குள் எதுவும் நுழையவில்லை என்பது கண்ணால் கண்ட உண்மையாகிவிடுகிறது; அதன் பிறகு பொக்லைன் பிளவின் மறுபுறத்தில் முழு வேகத்தில் வேலை செய்யலாம். குழாய் வளைந்து உள்ளே வந்தால் அதைச் சந்திப்பது நீர்த்தாரை, வாளியின் பல் அல்ல. வால்நட் கிரீக் போன்ற ஒரு தடத்தில் வளைவைத் தவறவிடாமல் பிடிக்கக்கூடிய முறை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

செலவு கூடும் என்பதில் ஐயமில்லை. தொடர் பிளவு வெட்டும் லாரி, சேற்றுத் தொட்டி நிறைந்ததும் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். தொலைவு அதிகமானால் இரண்டு லாரிகள் மாறி மாறி ஓட வேண்டும். எனவே முழுத் தடத்துக்கும் இதை யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளமும் ஊகக்கோடும் பத்து அடிக்குள் நெருங்கும் பகுதிகளுக்கு மட்டும் கேட்பது நியாயம்.

இன்னொரு கடமையும் உண்டு. பள்ளத்துக்குள் எரியும் பொருள் பாய்ந்துவிட்டால் அதைப் பற்றவைக்க ஒரு பொறி போதும் என்ற நிலையில், குழாயை நெருங்கித் தோண்டும் வேளையிலாவது பக்கத்து வெல்டிங் வேலை நிற்க வேண்டும். திரவ எரிபொருள் குழாயில் பம்புகளை நிறுத்தினாலும் இரண்டு வால்வுகளுக்கு இடையில் நிறைந்திருப்பது வடிந்துகொண்டுதான் இருக்கும். இரு குழுக்களின் நேர அட்டவணையை ஒருவரே பார்த்து ஒழுங்குபடுத்துவது அகழ்வு முறையைவிட மலிவான பாதுகாப்பு.

தொட்டதும் உடையாத குழாய்

வால்நட் கிரீக்கில் குழாய் உடனே துளைபட்டது. இடித்த நேரத்தில் ஒன்றும் ஆகாமல் பின்னர் வெடித்த வழக்கு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தேவை. ஏனென்றால் சோதனைக் குழியின் இரண்டாவது பயனை அது காட்டுகிறது. 1999 ஜூன் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில் ஒலிம்பிக் நிறுவனத்தின் 16 அங்குல எண்ணெய்க் குழாய் பிளந்து, ஏறத்தாழ 2,37,000 கேலன் பெட்ரோல் வாட்காம் அருவிப் பூங்கா வழியே ஓடும் ஓடையில் கலந்தது. சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து அது பற்றி எரிந்தது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்தனர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது காரணங்களின் தொடக்கம் ஐந்து ஆண்டுகள் பின்னால் போனது: 1994-ல் நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வேலையின்போது தோண்டும் இயந்திரம் குழாயைக் கீறியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் குழாய்க்குள் அனுப்பிய ஆய்வுக் கருவி அந்த இடத்தில் குறை இருப்பதைக் காட்டியது. அதைத் தவறாக மதிப்பிட்டதால் மண்ணைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. வால்வு, கணினிக் கட்டுப்பாட்டுப் பிழைகளும் வாரியத்தின் பட்டியலில் உண்டு.

இங்கேயும் தடுமாறியது, பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் விட்ட இடத்தில்தான். குழியைத் திறந்தவர் ஆழத்தை அளந்து எழுதிவிட்டு மூடிவிடக் கூடாது. மேற்பூச்சில் கீறல், உரிந்த திட்டு, நசுங்கல் ஏதாவது தெரிந்தால், அது தன் நீர்த்தாரையால் வந்ததாக இருந்தாலும், குழாயின் உரிமையாளருக்குத் தெரிவித்து அவர் வந்து பார்க்கும்வரை குழியைத் திறந்தே வைக்க வேண்டும். ஒப்பந்ததாரருக்கு இது கசப்பான கடமை. அன்றைய வேலை நின்றுவிடும்.

சட்டம் சொன்னதும் ஒப்பந்தம் சொல்ல வேண்டியதும்

வால்நட் கிரீக்குக்குப் பின் கலிபோர்னியா தன் அகழ்வுச் சட்டத்தைத் திருத்தியது. எண்ணெய்க் குழாய், உயர் அழுத்த எரிவாயுக் குழாய், உயர் மின்னழுத்தக் கேபிள் போன்றவை உயர் முன்னுரிமை வகையில் வைக்கப்பட்டன. அவற்றுக்குப் பத்து அடிக்குள் தோண்டுவதாக இருந்தால் உரிமையாளரும் தோண்டுபவரும் வேலை தொடங்கும் முன்பே களத்தில் சந்தித்துப் பேசியாக வேண்டும். குறியிடுபவர் அதற்கான தகுதி பெற்றவராக இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. 2016-ன் திருத்தம், உரிமையாளர் குறியிட்டு, அவர் ஒப்புக்கொண்டால், பாதுகாப்புப் பட்டைக்குள்ளும் வெற்றிட அகழ்வுக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று தெளிவாக்கியது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 2023 மார்ச்சில் இந்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை வெளியிட்டது. ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால், ஆப்டிக் ஃபைபர் கேபிள் போன்ற நிலத்தடிச் சொத்துகள் சேதமடைந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுகிறது என்று அப்போது சொல்லப்பட்டது. தோண்டுபவரையும் உரிமையாளரையும் செயலி இணைத்துவைக்கும். தரையில் கடப்பாரை இறங்கும் இடத்தை அது தீர்மானிக்காது.

சட்டம், செயலி இரண்டுக்கும் அப்பால், எத்தனை குழிகள் போடப்படும் என்பதை உண்மையில் முடிவு செய்வது டெண்டர் ஆவணத்தின் ஒரு வரி. 'தேவையான இடங்களில் சோதனைக் குழி போட்டுக் குழாய்களை உறுதிசெய்வது ஒப்பந்ததாரரின் பொறுப்பு' என்று எழுதி, அதற்கான தொகையை மொத்த விலைக்குள் அடக்கிவிட்டால், ஒவ்வொரு குழியும் ஒப்பந்ததாரரின் லாபத்திலிருந்து போகிறது. குறைவாகப் போடுவதே அவருக்குப் புத்திசாலித்தனம். அதையே குழி ஒன்றுக்கு இவ்வளவு, பிளவு மீட்டருக்கு இவ்வளவு என்று தனி இனமாக வைத்து, மதிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போனாலும் அதே விலையில் தொகை தரப்படும் என்று எழுதினால், ஐயம் வந்த இடத்தில் குழி போட யாரும் தயங்க மாட்டார்கள். நிலத்தடி அமைப்புகளை முன்கூட்டியே ஆய்ந்து வரைபடமாக்குவதில் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சமானது என்று 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்த பர்டூ பல்கலைக்கழக ஆய்வு 1999-லேயே கணக்கிட்டது. விபத்தில் போகும் உயிர்களை விட்டுவிட்டு, வேலைத்தாமதத்தையும் குழாய் மாற்றும் செலவையும் போன்றவற்றை மட்டும் எண்ணினாலே அந்த அளவு வந்துவிடுகிறது.

இணைப் பள்ளங்களுக்கான இனத்தில் கூடுதலாக மூன்று விவரங்கள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். முதலாவது, நடுக்குழிகளின் உச்ச இடைவெளி அடிக்கணக்கில். இரண்டாவது, எத்தனை அடிக்குள் நெருங்கினால் குழிகள் நிறுத்தப்பட்டுத் தொடர் பிளவு தொடங்க வேண்டும் என்பது. மூன்றாவது, எதிர்பார்த்த இடத்தில் குழாய் கிடைக்காத குழியை 'வெற்றுக் குழி' என்று தனியாகப் பதிவு செய்து, குழாயின் உரிமையாளர் களத்துக்கு வந்து கையெழுத்திடும்வரை அந்த இடத்திலிருந்து இருபுறமும் அடுத்த கொடிகள் வரை பொக்லைனை நிறுத்திவைக்க வேண்டும் என்பதும், அந்த நிறுத்தத்துக்குக் காத்திருப்புக் கட்டணம் ஒப்பந்ததாரருக்கு உண்டு என்பதும்.